முதுகு ஒடிந்தால் மூலையில் படுக்க வேண்டுமா?

கை ஒடிந்தால் வீடே பதறுகிறது. கால் ஒடிந்தால் தெருவே கூடுகிறது. வண்டி வருகிறது, எக்ஸ்ரே எடுக்கிறார்கள், மாவுக் கட்டு போடுகிறார்கள், பழம் வாங்கிக்கொண்டு உறவினர்கள் பார்க்க வருகிறார்கள்.

வீட்டில் உள்ள பாட்டிக்கு முதுகெலும்பு ஒடிந்தால் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை!

"முதுகு பிடுங்கி எடுக்குதும்மா" என்கிறார் மாமியார். "வயசாச்சு அத்தை, அப்படித்தான் இருக்கும். தைலம் தேய்ச்சு விடறேன்" என்கிறாள் மருமகள். அவள் கெட்டவள் அல்ல. அன்போடுதான் தேய்த்து விடுகிறாள். ஆனால் உள்ளே எலும்பு ஒடிந்திருக்கிறது என்பது அவளுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது.

முதியவர்களுக்கு ஏற்படும் முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, டாக்டரின் பார்வைக்கே வராமல் போய்விடுகிறது. எலும்பு முறிவுகளிலேயே மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுவது இதுதான். வயோதிகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருந்து விடுகிறார்கள். இது சரியா?

எப்படி ஒடிகிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று சிறு சிறு எலும்புகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு முள்ளெலும்பு என்று பெயர். அவற்றுக்குக் கீழே இடுப்புக் கூட்டோடு சேர்ந்த எலும்புகளும், வால் எலும்பும் உள்ளன.

முள்ளெலும்பின் உட்புறம் தேன்கூடு போல் இருக்கும். வாலிபத்தில் அந்தக் கூட்டின் சுவர்கள் தடிப்பாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. சுமார் 30 வயது வரை எலும்பு வலுவடைகிறது. பிறகு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு சில ஆண்டுகள் அது வேகமாகக் கரைகிறது. செல்லரித்த விட்டம் வெளியே பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். எலும்பும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட எலும்பு ஒடிவதற்கு மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்கினால் போதும். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் போதும். பலமாகத் தும்மியதில் ஒடிந்தவர்களும் உண்டு!

முள்ளெலும்பின் முன்பக்கம் அமுங்கிவிடுகிறது. பின்பக்கம் அப்படியே நிற்கிறது. ஆகவே எலும்பு ஆப்பு வடிவம் ஆகிவிடுகிறது. மேலே இருக்கும் உடம்பு முன்னால் சாய்கிறது. இரண்டு மூன்று எலும்புகள் இப்படி அமுங்கினால் கூன் விழுகிறது. உயரம் குறைகிறது. விலா எலும்பு வயிற்றை அழுத்துகிறது. சாப்பாடு கொஞ்சம் உள்ளே போனதும் வயிறு நிரம்பியதுபோல் இருக்கிறது; மூச்சு வாங்குகிறது. மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில்தான் இந்த முறிவு அதிகம் ஏற்படுகிறது.

"கூன் விழுவது முதுமையின் லட்சணம்" என்று நினைக்கிறோம். பல பேருக்கு அது ஒடிந்த எலும்பின் அடையாளம்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீரென்று ஒரு நாள், ஓர் இடத்தில், குத்துவது போன்ற வலி. நின்றால், நடந்தால், படுக்கையில் புரண்டால் அதிகம் ஆகிறது. மல்லாந்து படுத்தால் குறைகிறது. முதுகுத் தண்டில் அந்த இடத்தை லேசாகத் தட்டினாலே வலிக்கிறது. 60 வயதைக் கடந்தவருக்கு இப்படி வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் அமுங்கிய எலும்பு தெரியும். ஆனால் அது போன வாரம் ஒடிந்ததா, பத்து ஆண்டுகளுக்கு முன் ஒடிந்ததா என்று எக்ஸ்ரே பல நேரங்களில் சொல்லாது. அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. டாக்டர் சந்தேகப்பட்டால் எடுக்கச் சொல்வார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முள்ளெலும்பை அரிப்பது முதுமை மட்டும் அல்ல. காச நோய் முதுகெலும்பில் வருவது உண்டு. நம் நாட்டில் அது அபூர்வம் அல்ல. புற்றுநோயும் எலும்பில் பரவலாம். மாலையில் காய்ச்சல், உடம்பு இளைத்துப் போவது, படுத்தாலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அவசியம். "வயசாச்சு" என்று சொல்லி விட்டுவிட்டால், மாத்திரையால் குணமாகக் கூடிய காச நோயையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது!

கால்கள் திடீரென்று துவண்டு போனால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், தொடையின் உட்புறமும் மலத்துவாரத்தைச் சுற்றியும் மரத்துப் போனால், நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம். தாமதித்தால் கால்கள் நிரந்தரமாகப் போய்விடக் கூடும்.

நல்ல வேளையாக, முதுமையில் ஏற்படும் முறிவுகளில் பெரும்பாலானவை நரம்பைத் தொடுவதில்லை.

முதல் வைத்தியம் என்ன?

பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவை இல்லை. ஒடிந்த எலும்பு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே கூடிவிடுகிறது. அமுங்கியது மறுபடி நிமிராது. ஆனால் வலி அடங்கிவிடும். அதுவரை மனிதரை நடமாட வைப்பதுதான் வைத்தியம்.

வலிக்கு முதலில் பாரசிட்டமால் கொடுக்கிறார்கள். அது போதாவிட்டால் வேறு மாத்திரைகள் உண்டு. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை முதியவர்கள் நாள் கணக்கில் விழுங்கக் கூடாது. அவற்றில் பல, சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும். கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் முதுகு வலி அதிகம் ஆகும். ஆகவே கீரை, பழம், போதிய தண்ணீர் ஆகியவையும் வைத்தியத்தில் சேர்ந்தவையே. முறிந்த புதிதில் வலியைக் குறைக்க, கால்சிட்டோனின் என்ற மருந்தைச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு.

முதுகைத் தாங்கிப் பிடிக்கும் பெல்ட், சிலருக்கு முதல் சில வாரங்கள் உதவுகிறது. ஆனால் மாதக் கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தால் முதுகின் தசைகள் சோம்பிப் போகும்.

முக்கியமான விஷயம் இதுதான்: படுக்கையிலேயே போட்டு வைக்கக் கூடாது! இரண்டொரு நாள் ஓய்வு எடுக்கலாம். வாரக் கணக்கில் படுத்தால் எலும்பு இன்னும் கரையும், தசை வற்றும், காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும். "அசையாமல் படுத்திரு" என்று அன்பினால் சொல்லும் சொல், அந்த முதியவரைக் கடைசி வரையில் படுக்கையிலேயே கிடத்திவிடக் கூடும்.

எழுவதற்கும் ஒரு முறை உண்டு

படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழுந்தால் முதுகில் பாரம் விழும். முதலில் முழங்கால்களை மடக்க வேண்டும். பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, உருட்டிய மரம்போல் பக்கவாட்டில் புரள வேண்டும். கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். இதைப் பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டு உதவலாம்.

தரையில் பாய் வேண்டாம், கட்டில் நல்லது. மணையில் உட்கார வேண்டாம். முதுகு சாயும் நாற்காலி நல்லது. குனிந்து கோலம் போடுவது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, குடம் தூக்குவது, பேரனை இடுப்பில் வைத்துக்கொள்வது, இவற்றை எல்லாம் நிறுத்த வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில், நாற்காலி போன்ற சாதனம் ஒன்றை வைத்தால் பெரிய உதவி.

வலி அடங்கியதும், முதுகை நிமிர்த்தும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிசியோதெரபி தெரிந்தவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. கால் விரலைத் தொடுவதுபோல் முன்னால் குனியும் பயிற்சிகளும் ஆசனங்களும் கூடாது. அவை மேலும் எலும்புகளை ஒடிக்கும்.

முதுகை நீவி விடுவது, இழுப்பது, குழந்தையை விட்டு மிதிக்கச் சொல்வது ஆகியவை எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். "மூட்டு வலி, முதுகு வலி பறந்து போகும்" என்று பெயர் இல்லாத பொடியும் மாத்திரையும் விற்பவர்களிடமும் ஏமாறக் கூடாது. அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். வலி பறக்கும், ஆனால் கூடவே எலும்பும் கரையும்!

சிமெண்ட் ஊசி தேவையா?

இப்போது நகரத்து ஆஸ்பத்திரிகளில் "சிமெண்ட் வைத்தியம்" பற்றி அதிகம் பேசப்படுகிறது. இது வீடு கட்டும் சிமெண்ட் அல்ல. அக்ரிலிக் என்ற பொருள். ஊசி மூலம் ஒடிந்த முள்ளெலும்புக்குள் செலுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இதற்கு வெர்ட்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். 1984-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில்தான் முதல் முதலாக இதைச் செய்தார்கள். பிறகு 1998-ம் ஆண்டில் இன்னொரு முறை வந்தது. எலும்புக்குள் சிறு பலூனை விட்டு ஊதி, இடம் உண்டாக்கி, அந்த இடத்தில் சிமெண்டை நிரப்புகிறார்கள். அது கைபோபிளாஸ்டி.

படுத்த படுக்கையாக வந்தவர் எழுந்து நடந்து போகிறார் என்று கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதையும் கேட்க வேண்டும்.

2009-ம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சி முடிவுகள் வெளிவந்தன. ஒன்றில் 78 பேர். மற்றொன்றில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையிலேயே சிமெண்ட் செலுத்தினார்கள். மற்றவர்களுக்குச் செலுத்துவதுபோல் ஊசி குத்தியதோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவு என்ன தெரியுமா? இரு தரப்பினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வலி குறைந்தது!

2016-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 120 பேரிடம் நடந்த ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. எலும்பு ஒடிந்து 6 வாரத்துக்குள், கடுமையான வலியோடு இருப்பவர்களுக்குச் சிமெண்ட் பலன் தருகிறது என்றது. ஆனால் 2018-ம் ஆண்டில் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், புதிய முறிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டாக்டர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை.

இதிலிருந்து குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சிமெண்ட் முதல் வைத்தியம் அல்ல. எலும்பு ஒடிந்தது புதிது என்று ஸ்கேனில் உறுதியாகி, மாத்திரைக்கும் பெல்ட்டுக்கும் அடங்காத வலியால் ஒருவர் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தால், அப்போது அதைப் பற்றி டாக்டரோடு யோசிக்கலாம். பழைய முறிவுக்கு அது வீண். சிமெண்ட் கசிந்து நரம்பை அழுத்துவதும், ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போவதும் அபூர்வமாக நடக்கின்றன.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: "இது புதிய முறிவா, பழையதா? இன்னும் சில வாரம் பொறுத்தால் தானாகக் குறையுமா? இதனால் வரக் கூடிய ஆபத்து என்ன? இதைச் செய்த பிறகு எலும்பை வலுப்படுத்த என்ன மருந்து கொடுப்பீர்கள்?" நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

கம்பியும் திருகாணியும் வைக்கும் பெரிய ஆபரேஷன், நரம்பு நசுங்கியவர்களுக்கும் முதுகெலும்பு நிலை பெயர்ந்தவர்களுக்கும்தான். உளுத்த மரத்தில் திருகாணி பிடிக்குமா? மெலிந்த எலும்பிலும் அதே சங்கடம் இருக்கிறது.

மறந்துபோகும் வைத்தியம்

வலி போனதும் எல்லோரும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது!

ஒரு முள்ளெலும்பு ஒடிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு, அடுத்த ஓர் ஆண்டுக்குள் இன்னொன்று ஒடிகிறது என்று 2001-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறியது. இடுப்பு மூட்டு ஒடியும் ஆபத்தும் கூடுகிறது. ஒடிந்த இடத்துக்கு வைத்தியம் செய்துவிட்டு, ஒடியக் காரணமான எலும்புத் தேய்வை விட்டுவிடுவது, ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைத்துவிட்டு ஓட்டை மாற்றாமல் இருப்பதற்குச் சமம்.

எலும்பை வலுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. அலென்ட்ரோனேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒன்று. விலையும் அதிகம் இல்லை. 1996-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், அது புதிய முதுகெலும்பு முறிவுகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கவும் கூடாது; காப்பி குடிக்கவும் கூடாது. இல்லாவிட்டால் உணவுக் குழாய் புண்ணாகும்.

சோலட்ரோனிக் ஆசிட் என்பது ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி. 2007-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் 3 ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு முறிவுகள் 70 சதவீதம் குறைந்தன! ஊசி போடும் முன் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒன்று. இதைத் தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. தவணை தவறினால் எலும்பு வேகமாகக் கரைந்து, பல முள்ளெலும்புகள் ஒடிந்துவிடுவது உண்டு. மிகவும் மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு டெரிபாரடைட் என்ற தினசரி ஊசி இருக்கிறது. அது புது எலும்பையே வளர்க்கிறது. ஆனால் விலை அதிகம். எது யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்தோடு உணவும் வேண்டும். முதியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் அல்லது அதற்குச் சற்று அதிகமாகவே சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 240. எள்ளிலும் முருங்கைக் கீரையிலும் ஏராளம். பருப்பு, முட்டை, மீன் என்று புரதமும் தேவை. உடலில் வெயில் பட்டால் வைட்டமின் "டி" கிடைக்கும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பாட்டிக்கு அது கிடைப்பதில்லை. குறைவாக இருந்தால் டாக்டர் மருந்து கொடுப்பார்.

ஆண்களும் தங்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். புகை, மது, ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை, இவை எல்லாம் ஆண்களின் எலும்பையும் அரிக்கின்றன. ஆனால் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை

முதியோர் வைத்தியத்தில் தமிழ்நாடு பின்தங்கியது அல்ல. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் சேர்க்கப்பட்டது. 2024-ம் ஆண்டு சென்னை கிண்டியில், முதியவர்களுக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டிடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முதுகு ஒடிந்தவர்களில் பெரும்பாலோர் திண்ணையைத் தாண்டி வருவதில்லை. வந்தாலும், பல நேரம் ஒரு வலி ஊசியோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

60 வயதைக் கடந்தவர் திடீர் முதுகு வலி என்று வந்தால், முதுகைத் தொட்டுப் பார்க்காமலும் எக்ஸ்ரே எடுக்காமலும் அனுப்பக் கூடாது. இது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கம் ஆக வேண்டும். முறிவு என்று தெரிந்தால், வலி மாத்திரையோடு எலும்பு மருந்துக்கும் சீட்டு எழுத வேண்டும். சிமெண்ட் வைக்கும் இடங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வீட்டார் செய்ய வேண்டியதற்கு அதிகச் செலவு இல்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி, படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரவில் ஒரு சிறு விளக்கு, வழுக்காத தரை, காலில் தட்டாத புடவை, வேட்டி, கண்ணுக்குச் சரியான கண்ணாடி. இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கவனித்து முடிக்கக் கூடியவை.

இன்னும் ஒன்று உண்டு. அம்மாவின் உயரம் முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறதா? சுவரோடு நிற்க வைத்துப் பார்க்கலாம். வாலிபத்தில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. "எனக்கு ஒன்றும் இல்லை, பணத்தை வீணாக்காதே" என்றுதான் அந்தத் தாய் சொல்வாள். தன் வலியைச் சிறிதாக்கிச் சொல்லியே பழகியவள் அவள். அவள் சொல்லை அப்படியே நம்பிவிடாமல், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியது பிள்ளைகளின் கடமை!